ஏழுமலை சொன்ன ஒரு சொல்

சென்னையை அடுத்த கோவளம் நிறுத்தத்தில் நான் இறங்கிவிட்டேன், என் பெட்டியின் ஒரு சக்கரம் இறங்கவில்லை. படியில் சிக்கிக் கழன்றுவிட்டது. நடத்துனர் அதைப் பொறுக்கி, நகரத் தொடங்கிய பேருந்திலிருந்து என் பக்கம் எறிந்து, “புட்ச்சிக்கோம்மா!” என்றார். பிடித்துவிட்டேன். இந்திய மண்ணில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அது.

2002இல் நடந்தது இது. நான் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவள், பெயர் சந்திரமதி. அப்போது பத்தொன்பது வருடமாக நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். எந்த ஊர் நீதிமன்றம் என்பதை விட்டுவிடுகிறேன். கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை நான் நீதிபதிக்கு ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்ல வேண்டும். சில நாள் காலையில் மட்டும் இருபது பேர் வருவார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் பாதிப் பேரின் முகம் மறந்துவிடும்.

அப்படி நான் மறந்த ஒருவனைத் தேடித்தான் கோவளத்தில் இறங்கியிருந்தேன்.

அவன் பெயர் ஏழுமலை. கோவில் திருப்பணிக்காக எங்கள் நாட்டுக்கு வந்த கல்வேலைக்காரன். அங்கேயே மாலதி என்ற மலேசியப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அவள் கணவன் என்ற முறையில் தங்க அனுமதி வாங்கியிருந்தான். அந்த அனுமதியை எங்கள் ஊரில் ‘பாஸ்’ என்போம். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஒரு நாள் தெருவில் நடந்த சோதனையில் கையில் பாஸ்போர்ட் இல்லாமல் மாட்டிக்கொண்டான். அதே வாரத்தில் மாலதி பிரசவத்துக்காக மருத்துவமனையில் கிடந்தாள். யாருக்கும் தகவல் போவதற்குள் அவனை நீதிமன்றத்தில் நிறுத்திவிட்டார்கள். “என் பாஸ் காலாவதியாகிவிட்டது” என்று அவனே ஒப்புக்கொண்டதாகப் பதிவாயிற்று. சிறிது காலம் சிறை, பிறகு நாடு கடத்தல். பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறியது. ஐந்து வருடம் திரும்ப வர முடியாது. மகள் பிறந்ததை அவன் சிறைக்குள் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான்.

ஒரு வருடம் கழித்து மாலதி அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீதிமன்ற உணவகத்துக்கு வந்தாள். நான் பசியாறிக்கொண்டிருந்தேன். மேசையில் ஒரு ரசீதை வைத்தாள். அவன் பிடிபடுவதற்கு முன்பே பாஸைப் புதுப்பிக்க விண்ணப்பித்ததற்கான ரசீது.

“அக்கா, புதுப்பிக்கக் கொடுத்த மனுசன் காலாவதியாயிருச்சுன்னு ஏன் சொல்லணும்? அன்னிக்கு அவரு என்னதான் சொன்னாரு?”

எனக்கு நினைவில்லை. தட்டில் இருந்த ரொட்டி சானாய் ஆறிப்போனது. ஒரு வழக்கறிஞரிடம் அவளைக் கூட்டிப் போனேன். அவர் தெளிவாகச் சொன்னார்: ரசீது விண்ணப்பித்ததைத்தான் காட்டும், பாஸ் கிடைத்ததைக் காட்டாது. பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்திருந்தால் அதுதான் சான்று. அதோடு, கோர்ட்டில் தான் சொன்னது என்ன என்று அவன் சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்திட வேண்டும். மொழிபெயர்த்தவளும் தன் பங்குக்கு எழுதித் தர வேண்டும். “உங்கள் வேலைக்கு ஆபத்து” என்று அவர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

ஏழுமலையோ கடிதங்களுக்குப் பதில் போடுவதை நிறுத்தி ஆறு மாதமாயிற்று. கடைசிக் கடிதத்தில் மாலதியை வேறு வழி பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். பாஸ்போர்ட் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவளுக்குக் கைக்குழந்தையும் ஷிப்ட் வேலையும். நான் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

கோவளத்தில் கடிதத்தில் இருந்த முகவரியைத் தேடி, ஒற்றைச் சக்கரப் பெட்டியை மணலில் இழுத்துக்கொண்டு நடந்தேன். ஒரு பக்கம் தேவாலயத்தின் மணி, மறுபக்கம் பள்ளிவாசலில் பாங்கு, நடுவில் மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கி. எங்கள் ஊரிலும் மூன்றும் உண்டு. ஆனால் ஒரே நேரத்தில் இத்தனை சத்தமாக இல்லை. வீட்டு வாசலில் ஏழுமலையின் அண்ணி வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னா விசயம்? யாரு நீ?”

மலேசியா என்றதும் அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள். கணவனைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். பேசவே விடாமல் உள்ளே உட்கார வைத்துச் சோறு போட்டாள். குழம்பு காரம் நெற்றியில் அடித்தது. எங்கள் மீன்குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றிக் காரத்தைச் சமாதானப்படுத்துவோம். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வர, அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

“அழாத எம்மா. அவன் செய்யூர் பக்கம் சவுக்கு லோடு ஏத்திகினு கீறான். இங்க இருந்தா போறவன் வரவன்லாம், ‘இன்னாடா தொரத்தி வுட்டுட்டாங்களா’ன்னு கேக்கறான். அதான் இங்கேர்ந்து பூட்டான். உளிய கூட தொடறதில்ல.”

*

இரண்டாம் நாள் மாமல்லபுரம் விடுதியிலிருந்து செய்யூருக்குக் கிளம்பினேன். கல்பாக்கம் தாண்டியதும் பேருந்தின் அடியில் ஏதோ ஒன்று அறுந்து தரையில் இழுபட்டது. ஓட்டுநர் இறங்கிக் குனிந்து பார்த்தார். எழுந்து பீடியைப் பற்ற வைத்ததிலேயே எங்களுக்குத் தகவல் தெரிந்துவிட்டது. எங்கள் நாட்டில் இப்படி நடந்தால் மாற்றுப் பேருந்து வரும்வரை எல்லோரும் வாயைத் திறக்காமல் நிற்போம். இங்கே ஐந்து நிமிடத்தில் அந்தச் சாலையோரம் ஒரு குடும்ப விழா போல ஆயிற்று. ஒருத்தி வேர்க்கடலை பங்கிட்டாள். அணுமின் நிலைய அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் மலேசியாவில் இரட்டைக் கோபுரம் கட்ட எத்தனை டன் இரும்பு என்று கேட்டார். தெரியாது என்றதில் அவருக்கு ஏமாற்றம்.

கடைசியில் சவுக்குக் கட்டை ஏற்ற வெற்று வண்டியாகப் போன லாரியில் நான்கு பெண்கள் ஏறினோம். ஓட்டுநருக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். “எந்தத் தோப்பும்மா?” என்று கேட்டார் ஓட்டுநர். ஏழுமலை பெயரைச் சொன்னேன். “அட, நம்ம மலேசியாக்காரன்! அவன் ஏத்தற லோடுக்குத்தான் போறேன்” என்றார். அறுந்த பேருந்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

தோப்பில் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவன் என்னைப் பார்த்ததும் நின்றான். எனக்குத்தான் அவன் முகம் நினைவில்லை. அவனுக்கு என் முகம் நன்றாக நினைவிருந்தது.

“நீ அந்தக் கோர்ட்டு அம்மாதானே?”

“ஆமாம்பா. மாலதிதான்...”

“அங்க ஒரே ஒருத்திதான் தமிழ் பேசுனே. சாமி மாதிரி உன்னியே பாத்துகினு இருந்தேன். நான் ஒண்ணு சொன்னேன், நீ ஒண்ணு சொன்னே, அவ்ளோதான், கைல வெலங்கு. இப்ப இங்க இன்னாத்துக்கு வந்தே?”

கட்டையைப் போட்டுவிட்டுத் தோப்புக்குள் நடந்துவிட்டான். பின்னாலேயே கொஞ்ச தூரம் போனேன். அவன் திரும்பவில்லை. பத்தொன்பது வருடத்தில் என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை. பேசக்கூடிய நிலையில் யாரும் இருந்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

கையோடு கொண்டுபோயிருந்த கோர்ட் பதிவின் நகலை அவனுடைய சாப்பாட்டுத் தூக்கின் அடியில் வைத்தேன். நான் தங்கியிருந்த விடுதியின் பெயரை அதன் பின்பக்கம் எழுதிவிட்டு வந்தேன்.

*

மூன்றாம் நாள் காலையில் மாமல்லபுரத்துப் பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் உளிச் சத்தம். எங்கள் ஊரில் தேநீர் பெரிய குவளையில் வரும். அந்தக் கணக்கில் இரண்டு தேநீர் சேர்த்துச் சொல்லியிருந்தேன். கடைக்காரர் இன்னொருவர் வருகிறார் என்று நினைத்து எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். அந்த நாற்காலியில் ஏழுமலை வந்து உட்கார்ந்தான்.

நகலை மேசையில் விரித்தான். ஒரு வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டிருந்தது.

“செய்யூர்ல ஒரு வாத்தியார் கைல குடுத்து, அந்த இங்கிலீஷ தமிழ்ல சொல்லச் சொன்னேன். ‘என் பாஸ் காலாவதியாகிவிட்டது’ன்னு நான் சொன்னதா கீதாமே? இத்த நான் சொல்லவே இல்ல. காலாவதின்ற வார்த்தையே எனுக்குத் தெரியாது. மாத்திரை பட்டையில போட்டுக்கீறது, அதானே?”

“அப்படின்னா நீ என்ன சொன்னே? வார்த்தை மாறாம சொல்லு.”

“நீ கேட்டே, ‘பாஸ் இருக்கா’ன்னு. நான் சொன்னேன், ‘பாஸ் முடிஞ்சிச்சிம்மா’ன்னு.”

“முடிஞ்சிச்சுன்னா காலாவதிதானே?”

“அட இன்னாம்மா நீ! புதுப்பிக்கறதுக்கு ஒரு ஆளு கிட்ட குடுத்திருந்தேன். அவன் போன்ல சொல்றான், ‘ஏழுமலை, உன் பாஸு முடிஞ்சிச்சி, வந்து வாங்கிக்கோ’ன்னு. போய் வாங்கறதுக்குள்ள புட்ச்சிட்டாங்க. அத்தத்தான் சொன்னேன். பாஸ் வேல முடிஞ்சிச்சி. கெடச்சிடுச்சி!”

கையில் இருந்த இட்லியை அப்படியே வைத்துவிட்டேன். அந்த நீதிமன்றம் எனக்குத் திரும்ப வந்தது. கூண்டில் ஒருவன் உற்சாகக் குரலில் சொல்கிறான், நான் அவன் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்க்கிறேன். ‘முடிந்துவிட்டது’ என்றால் தீர்ந்துபோனது என்றும் பொருள், கைகூடியது என்றும் பொருள். நான் முதல் பொருளை எடுத்துக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போய்விட்டேன். “எதைச் சொல்கிறாய்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

“தப்பு என்னுதுப்பா” என்றேன். “நூற்றுக்கு நூறு என்னுது.”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ கடுமையாகச் சொல்லத் தயாராக வந்திருந்தான் என்று தெரிந்தது. ஆனால் அந்த இரண்டாவது தேநீரை எடுத்துக் குடித்தான்.

“பாஸ்போர்ட் என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

“அது கீது. அந்த ஆளு பயந்துகினு, ஊருக்கு வந்த ஒருத்தன் கைல குடுத்தனுப்பிட்டான். கறுப்புப் பட்டியல்ல ஏறினா பாஸ்போர்ட்டும் செத்துப் போச்சின்னு சொன்னாங்க. நான் கவரைக் கூடப் பிரிக்கல.”

சட்டைக்குள்ளிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துப் போட்டான். வாய் ஒட்டியபடியே இருந்தது. நான் மேசைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அவன் முதலில் வந்தபோது விழுந்த முத்திரை. கணவன் என்ற முறையில் முதல் பாஸ். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு முத்திரை. மை கொஞ்சம் மங்கியிருந்தாலும் தேதி பளிச்சென்று இருந்தது. கோர்ட் பதிவில் இருந்த கைதான தேதியோடு வைத்துப் பார்த்தேன். மூன்று நாள் முன்னால் போட்டிருக்கிறார்கள்! அவனைப் பிடித்த அன்று அவனுக்கு ஒரு முழு வருடத்துக்கு அனுமதி இருந்தது.

நான் சத்தமாக ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கடையில் எல்லோரும் திரும்பினார்கள்.

“இன்னாம்மா?” என்றான் ஏழுமலை.

“முடிஞ்சிச்சுப்பா! நீ சொன்ன மாதிரியே, முடிஞ்சுதான் இருக்கு!”

*

நான்காம் நாள் நோட்டரி வக்கீலைப் பார்க்கச் செங்கல்பட்டு போனோம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் இடம் கிடைத்தது. வழியெல்லாம் அவனுக்குச் சட்டச் சொற்களைத் தமிழிலும் மலாயிலும் சொல்லிக்கொடுத்தேன். செய்த தவறுக்குப் பரிகாரமாக அல்ல. அவன்தான் கேட்டான். “இனிமே என் வாய்க்கு நீ வேணாம்மா. நானே சொல்லணும்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

எங்கள் நாட்டுச் சட்டத்தில் விசா வேறு, பாஸ் வேறு. விசா வாசல்வரை வருவதற்கான அனுமதி. உள்ளே எத்தனை நாள், எந்த முறையில் தங்கலாம் என்பதைப் பாஸ்தான் சொல்லும். விசா இருந்தும் கவுண்டரில் திருப்பி அனுப்பலாம். பாஸில் எழுதிய நாளைத் தாண்டினால் அது காலம் கடந்து தங்குதல்.

“விருந்தாளி கெளம்பாம குந்திகினு கீற மாதிரி” என்றான்.

“அதேதான்.”

“என்னைப் புட்ச்சப்போ நான் விருந்தாளி இல்லியே. வூட்டுக்காரன் ஆச்சே.”

“ஆமா. அதைத்தான் நாம நிரூபிக்கப் போறோம்.”

நாடு கடத்தலும் கறுப்புப் பட்டியலும் ஒன்று என்று அவன் நினைத்திருந்தான். அனுப்பிவைப்பது ஒன்று, திரும்ப விடாமல் பெயரை எழுதிவைப்பது இன்னொன்று, தண்டனை ரத்தானால் பெயரையும் நீக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று விளக்கினேன். முன் இருக்கையில் பூக்கூடையோடு இருந்த பெண் திரும்பி, “எம்மா, எங்க தம்பி சவுதில கீறான். அவனுக்கும் இது பொருந்துமா?” என்று கேட்டாள். ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் வேறு என்றேன். “அப்ப அந்த நாட்டுதையும் படிச்சிகினு ஒரு தபா வா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

செங்கல்பட்டில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு நோட்டரி வக்கீல் கிடைத்தார். வெளிநாட்டு விவகாரம் என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். முதலில் தட்டச்சு செய்பவர் சாப்பிடப் போயிருந்தார். வந்ததும் மின்சாரம் போயிற்று. நகல் எடுக்கும் கடையில் நாற்பது நிமிடம் விசிறியில்லாமல் நின்றோம். ஏழுமலை அதற்குள் ‘சத்தியப் பிரமாணம்’ என்ற சொல்லைப் பிழையில்லாமல் எழுதப் பழகிவிட்டான்.

பத்திரம் தயாராகி மேசைக்கு வந்ததும் வக்கீல் இரண்டாவது பத்தியில் நின்றார்.

“இதுல, ‘முடிஞ்சிச்சி என்று நான் சொன்னது, அனுமதி கிடைத்துவிட்டது என்ற பொருளில்’னு இருக்கு. இது ஒத்துவருமா? முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதானேம்மா? நாளைக்கு அங்க உங்களைக் குறுக்கு விசாரணை பண்ணா என்ன சொல்வீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் செருப்பை உதறிவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் லட்டுப் பெட்டி. முகமெல்லாம் பல்.

“சார்! பட்டா முடிஞ்சிச்சி சார்!”

வக்கீல் துள்ளி எழுந்தார். “முடிஞ்சிடுச்சா! உன் பேருலயா? எப்போ கொடுத்தாங்க?”

“இன்னிக்குத்தான் சார். கைல குடுத்தாங்க. எங்க அப்பன் காலத்துலேர்ந்து அடுத்தவன் நெலத்துல நாத்து நட்டுகினு இருந்தோம். இப்ப எம்பேர்ல கீது சார்! எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க.”

வக்கீல் ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டார். போட்ட பிறகு மெல்லாமல் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஏழுமலை இருவரையும் பார்த்துவிட்டு, “சார், அந்தம்மா பட்டா காலாவதியா சார்?” என்று கேட்டான்.

வக்கீல் சிரித்த சிரிப்பில் லட்டுத் துகள் பத்திரத்தின்மேல் தெறித்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளை உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னோம். கேட்டு முடித்ததும், “ஒரு வார்த்தைக்கா ஒரு மன்சன கடல் தாண்டி அனுப்புவாங்க? இங்க குடு, நானும் கையெழுத்துப் போடறேன்” என்றாள். வக்கீல் யோசித்தார். பிறகு, ‘இவ்வட்டாரப் பேச்சில் முடிந்தது என்ற சொல் காரியம் கைகூடியதைக் குறிக்கும்’ என்று ஒரு தனிப் பத்திரமே அடிக்கச் சொன்னார். அதில் அவளே சாட்சி. புதிய பட்டாவின் நகலும் பின்னிணைப்பு. ஏழுமலையின் பத்திரத்தையும் துகள் இல்லாத தாளில் மறுபடி அடித்தார்கள். சிவப்புத் தாள் வட்டத்தை ஒட்டி அதன்மேல் நோட்டரி முத்திரையை அழுத்தியபோது மேசையே அதிர்ந்தது.

ஐந்தாம் நாள் நான் கிளம்ப வேண்டும். மாமல்லபுரத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டில் ஏழுமலையை உள்ளே தள்ளி, மாலதியின் எண்ணை அழுத்திக் கொடுத்தேன். கண்ணாடிக் கதவைச் சாத்தியதால் அவன் பேசியது கேட்கவில்லை. கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது மட்டும் தெரிந்தது. வெளியே வந்ததும் நேராகச் சாலையைக் கடந்து ஒரு சிற்பக்கூடத்துக்குள் போனான். தெரிந்தவர்கள் போலிருக்கிறது. யாரோ ஓர் உளியை நீட்டினார்கள். என் பேருந்து வரும்வரை அங்கே நின்றபடி கல்லைக் கொத்திக்கொண்டிருந்தான்.

*

ஊருக்கு வந்ததும் என் பங்குக் கடிதத்தை எழுதினேன். ‘பிழை என்னுடையது’ என்ற வரியை மேலதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, வேறு மாதிரி எழுதலாமே என்றார். வேறு மாதிரி எழுத என்னால் முடியவில்லை. உறுதிமொழி எடுத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் நின்றேன். இத்தனை வருடம் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், உள்ளே நின்றதில்லை. உள்ளிருந்து பார்த்தால் நீதிபதி வெகு உயரத்தில் இருக்கிறார்.

“பத்தொன்பது வருட அனுபவம் உள்ளவர் இந்தச் சொல்லில் எப்படித் தவறினீர்கள்?” என்று கேட்டார் நீதிபதி.

“இரண்டு பொருள் இருப்பது எனக்குத் தெரியும், ஐயா. அன்று நான் அவரைக் கேட்கவில்லை. அவசரத்தில் நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுப்பது என் வேலை இல்லை.”

பட்டா பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் பாஸ்போர்ட் நகலில் இருந்த தேதியைக் குடிநுழைவு அலுவலகப் பதிவோடு சரிபார்த்துவிட்டு எழுந்து, எதிர்ப்பு இல்லை என்றார். தண்டனை ரத்து! பின்வரிசையில் மாலதி எழுந்து நின்றுவிட்டாள். காவலர் அவளை உட்காரச் சொல்லவில்லை. பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்ட கடிதம் அடுத்த சில வாரங்களில் வந்தது. எனக்கும் ஒரு கடிதம் வந்தது, எச்சரிக்கைக் கடிதம். வேலை போகவில்லை. அதன் நகலைப் புதிதாகச் சேரும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு நானே காட்டுவதுண்டு.

ஏழுமலை வந்த காலையில் நானும் மாலதியும் குழந்தையும் விமான நிலையத்தில் நின்றிருந்தோம். சென்னை விமானத்தில் வந்தவர்கள் தள்ளுவண்டிகளோடு ஒவ்வொருவராக வெளியே போய்விட்டார்கள். விமானப் பணியாளர்களும் போய்விட்டார்கள். அரை மணி, முக்கால் மணி. மாலதியின் முகம் வெளுத்துவிட்டது. பெயர் எங்காவது ஒரு கணினியில் தங்கிவிட்டதோ என்று நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். வியர்த்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான்.

“என்னங்க ஆச்சு?” என்று ஓடினாள் மாலதி.

“ஒண்ணுமில்ல. அந்த ஆபீசர் சுற்றுலாக்காரன்னு நெனச்சி முப்பது நாளு முத்திரை குத்தப் போனாரு. ‘சார், இது இல்ல. நான் கல்யாணம் பண்ண வூட்டுக்காரன். எனுக்கு அந்தப் பாஸ் வேணும், இந்தா லெட்டர்’னு சொன்னேன். வெளிய போய் அப்பால மாத்திக்கோன்னாரு. நான் நவுரல. பெரிய ஆபீசர் வந்தாரு. அவர்கிட்டயும் மலாய்ல நானே சொன்னேன். ஒரு வருசம் போட்டுக் குடுத்தாரு. தேதியப் பாரு!”

பாஸ்போர்ட்டை விரித்து நீட்டினான். மாலதி தேதியைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பிலிருந்த குழந்தைதான் கையை நீட்டிப் பாஸ்போர்ட்டைப் பறித்தது. முன்பற்களைப் பதித்து ஓரத்தைக் கடித்தது.

ஏழுமலை பதறிப்போய் இரண்டு கையாலும் மகளைத் தூக்கினான். அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தைகளுக்கு நான் சாட்சி. எந்த மொழிக்கும் மாற்றாமல் அப்படியே தருகிறேன்:

“ஐயோ, எது வேணா துன்னு கண்ணு, அத்த மட்டும் துன்னாத!”